முதல் மணி நேர அளவு

வியாழக்கிழமை, சத்துவாச்சாரி

மூட்டுவலி மருந்தைக் கடுகளவு பாலிமர் மணிகளுக்குள் அடைத்து, வயிற்றைக் கெடுக்காமல் நாள் முழுவதும் மெல்லக் கசிய வைப்பதுதான் என் ஆராய்ச்சி. இன்றும் முதல் மணி நேரத்திலேயே பாதி மருந்து வெளியே வந்துவிட்டது.

“அந்த முதல் மணி நேர ரீடிங்க மட்டும் தீசிஸ்ல காட்டாம விட்டுடும்மா. இந்த மாசமே தீசிஸ் குடுத்துடலாம்,” என்றார் என் வழிகாட்டி.

“முடியாது சார். எங்கம்மா ஆம்பூர் ஷூ கம்பெனில நின்னு நின்னு முட்டி போச்சு. இதே மருந்தப் போட்டுத்தான் வயிறு புண்ணாயிடுச்சு. எனக்குத் தெரிஞ்சே எப்படி சார் மறைக்கிறது?”

“அப்ப இன்னும் ஒரு வருசம் ஆவும்.”

“ஆவட்டும் சார்.”

அவர் எழுந்து போனார். அடுத்த மாதத்தோடு உதவித்தொகை நின்றுவிடும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலமே பூச்சுக்குப் புதுக் கரைசல் கலக்கி வைத்துவிட்டேன். நாளை மணிகளுக்கு இன்னொரு பூச்சு கொடுத்துப் பார்க்கிறேன்.