பேரை மட்டும் போடு

மே 5, திங்கள்

இன்றைக்கு மட்டும் மூன்று பேரைக் கர்ணன் ஆக்கினேன். ஒருவர் கண்டரமாணிக்கத்துக் கர்ணன், ஒருவர் வாழும் கர்ணன். மூன்றாமவர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர், அவர் கலியுகக் கர்ணன். பிளெக்ஸ் கடையில் பேரைவிடப் பட்டத்துக்குத்தான் இடம் அதிகம் விட வேண்டும்.

மே 6

குமரப்பன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பழைய மாணவர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தங்கள் கணக்கு வாத்தியாருக்கு விழா எடுக்கிறார்களாம், பேனர் வேண்டும். பேர் கேட்டேன்.

"பாட்டில் வாத்தியாருன்னுதான் சொல்லுவோம். பேரு ஞானப்பிரகாசமோ என்னமோ, கேட்டுச் சொல்றேம்மா."

"ஞானசேகர். எங்க அப்பா."

மனுஷர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீக. அவரு இல்லேன்னா நான் பத்தாவது தாண்டியிருக்க மாட்டேன்."

அப்பா குடியை விட்டுப் பதினொரு வருஷம். ஊர் அந்தப் பேரை விடலையே! கடை பாத்ரூமில் போய் அழுதேன்.

மே 7

கணக்குப் புலி, எழுத்தறிவித்த இறைவன், காரைக்குடியின் ராமானுஜன் — அந்த ஒரு பேரை மூட எத்தனை வேண்டுமோ அத்தனையும் போட்டு, அப்பாவிடம் போனில் காட்டினேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எல்லாத்தையும் எடுத்துரு ஜெரினா. பேரை மட்டும் போடு. அதச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

மே 8

பேனர் மொட்டையாக இருக்கிறது என்கிறார் முதலாளி. இருக்கட்டும்.

மே 11, ஞாயிறு

மண்டப வாசலில் ஒருவர் பேனரைப் பார்த்து, "யாருப்பா இந்த ஞானசேகர்?" என்றார். பக்கத்து ஆள், "நம்ம பாட்டில் வாத்தியாருதான்."

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பிவிடுவாரோ? இல்லை, நேரே மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"பாட்டில் வாத்தியாரு பேசுறேன்." யாரும் சிரிக்கவில்லை. "குடிச்சது நெசம். உங்க வகுப்புக்கே தள்ளாடி வந்திருக்கேன். மன்னிச்சிருங்க. இப்ப பதினொரு வருஷமாத் தொடல. எம்பேரு ஞானசேகர்."

அவ்வளவுதான் பேச்சு, உட்கார்ந்துவிட்டார். முதலில் எழுந்து நின்று கை தட்டியது குமரப்பன். நான் எழுந்திருக்கவே நேரமாகிவிட்டது.

மே 14

காலையில் குமரப்பன் தன் மகள் தீக்ஷாவை அப்பாவிடம் டியூஷன் சேர்க்க வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். வாசலில் நின்று குரல் கொடுத்தார். "ஞானசேகர் சார், இருக்கீகளா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "யாரையோ தேடி வந்திருக்காக, என்னான்னு கேளு" என்றார்.

"உங்களைத்தாம்ப்பா" என்றேன்.