நீலப் பீப்பாவில் இருந்த மழைத்தண்ணீர்

கூடப்பிறந்த என் உசிர் நானா, உங்களுக்கு என் ஸலாம்.

உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து சொல்ல வேண்டிய ஸலாம் இது. நம்ம ஊரில் பொம்பிளைகள் அங்கே வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆம்பிளைகள் ஜும்ஆ முடிந்து உங்களிடம் வந்து யாஸீன் ஓதிவிட்டுப் போகிறார்கள். எனக்கோ ஓதவும் வேண்டும், உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்கவும் வேண்டும். ஓதுவதைத் தொழுகைப் பாயில், முஸல்லாவில் வைத்துக்கொண்டேன். சண்டையை இதில் எழுதுகிறேன்.

முதல் கேள்வி. அந்த நீலப் பீப்பாவைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையாவது சொல்லாமல் போனீர்கள்?

கூரைத் தண்ணீர் விழும் பீலிக்குக் கீழே வைத்து, மூடி போட்டு, மூடிக்கு மேலே கல்லும் ஏற்றி அப்படி ஒரு காவல். ஒருநாள் நான் அதில் ஒரு வாளி எடுத்து உடுப்புத் தோய்த்ததற்கு நீங்கள் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. "கிணறு ஒண்டு கிடக்க, உனக்கு என்ட பீப்பாதானா கிடைச்சிது?" என்றீர்கள். "இதென்ன ஸம்ஸம் தண்ணியா நானா?" என்று நானும் விடவில்லை. அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருந்தால் என்ன? நெஞ்சு நோகுது என்று சொன்ன அன்றைக்கே போய்விடுவீர்கள் என்று நான் கண்டேனா?

நீங்கள் போன பிறகு மதினியை எங்களால் பார்க்க முடியவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. புருஷன் மௌத்தாகி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கிற பெண் வாசல்படி இறங்க முடியாது. வெள்ளை உடுப்போடு உங்கள் மீன்தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவதான், தொழுகைக்கு மட்டும் எழும்புவா. நான் பிசைந்து ஊட்டினால் இரண்டு வாய். கேட்டதற்குத் தலையாட்டல். கதை என்பதே இல்லை. ஆனால் கண் மட்டும் அந்தத் தொட்டியை விட்டு எடுக்கமாட்டா.

அது எப்படிப்பட்ட தொட்டி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நாட்டில் யுத்தம் முடிந்து, மூடிக்கிடந்த கடல் திறந்த பிறகு, தொட்டியில் வளர்க்கிற நிறமீன் பிடிக்க நீங்கள் கடலடியில் சுழியோடப் போனீர்கள். வாங்குகிறவர்கள் குறையில்லாத மீனைத்தான் எடுப்பார்கள். செட்டை கிழிந்தது, கண்ணில் காயம் பட்டது எல்லாம் நம்ம வீட்டுக்கு வரும். "கழிச்சுவிட்டதுக்கெல்லாம் நம்மட ஹோல்தானா இடம்?" என்று நான் கேட்டதற்கு, "மன்னாருல இருந்து விரட்டிவிட்ட நம்மள இந்த ஊர் எடுத்துதா இல்லியா? சும்மா கிட" என்றீர்கள். 

நீங்கள் போன கையோடு, நம்ம மாமா வந்து உத்தரவு போட்டார். "மீனையெல்லாம் கடல்ல விட்டுப்போட்டு, தொட்டியக் கழுவிக் கவுத்து வைங்க. மௌத்து வீட்டுல இதென்ன விளையாட்டு?" ஓம் மாமா, ஓம் மாமா என்று தலையை ஆட்டிவிட்டு, நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தொட்டி செத்தால் மதினி எழும்பமாட்டா என்று என் கல்பு சொன்னது. அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன் நானா, எனக்கு மீனில் ஆசை இல்லை. எனக்கு மதினி வேண்டும்.

ஆகவே நான் பொறுப்பெடுத்தேன். இறாலைப் பொடியாக அரிந்து போட்டேன். "மீன் பிச்சை கேக்கும், ஏமாறாத. மிச்சம் விழுந்தா தண்ணி அழுகிப்போகும்" என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. காற்று மோட்டார் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். கண்ணாடியில் பிடிக்கும் பாசியைத் துடைத்தேன். இருக்கிற வெக்கைக்குத் தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. அதற்கும் நான் பின்வாங்கவில்லை. நீங்கள் கேனோடு கடலுக்குப் போய் வருவதைக் கண்டவள்தானே? நானும் போனேன். சேறு கலங்கிய களப்பில் அள்ளினால் கூடாது என்கிற அளவுக்காவது எனக்கு அறிவிருந்தது. வெளிக்கடலுக்கே போய், இடுப்பளவு இறங்கி, தெளிந்த தண்ணீராகப் பார்த்து அள்ளி, தோள் வலிக்க வலிக்கச் சுமந்து வந்து, இறங்கிய அளவுக்கு ஊற்றுவேன். திரும்பவும் இறங்கும். திரும்பவும் போவேன். நானா கண்டால் மெச்சுவார் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு!

ஆனால் தொட்டி சுகமில்லாமல் போனது. கல்லில் ஒட்டிக்கிடக்கும் உங்கள் கடல்பூ விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தது. அதற்குள் படுத்துக்கிடக்கும் கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து செவுளை வேகமாக அடித்துக்கொண்டு நின்றன. வெள்ளைக் கோடு போட்ட இறால் கல்லுக்குப் பின்னால் போனது, தீனிக்கும் வரவில்லை. நான் என்ன செய்தேன்? இன்னும் கடல் தண்ணீர் சுமந்தேன். அறிவுகெட்டவள்.

அன்றைக்கும் அப்படித்தான், அஸர் தொழுதுவிட்டு ஊற்றப் போனேன். பின்னால் ஒரு குரல். இத்தனை நாள் கேளாத குரல் என்பதால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன தண்ணி புள்ள ஊத்துறீங்க?"

"கடல் தண்ணி மதினி. நல்ல தெளிஞ்ச தண்ணி."

"வத்திக் குறையிறதுக்குமா?"

"ஓம். கடல் மீனுக்கு வேற என்னத்த ஊத்துற?"

மதினி எழும்பி வந்து, தொட்டியின் விளிம்பில் பூத்திருந்த வெள்ளையை விரலால் வழித்து நாக்கில் வைத்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா.

"எங்கட புத்தளத்து உப்பளத்த நீங்க கண்டதே இல்லியா? என்ட வாப்பா பாத்தியில கடல் தண்ணியத்தானே விட்டாங்க? வெயில் தண்ணியத்தான் குடிக்கும் புள்ள, உப்பக் குடிக்காது. நீங்க இந்தத் தொட்டிய உப்புப் பாத்தியாக்கிட்டீங்க."

அல்லாவே! புத்தளத்து உப்பைப் போட்டுத்தான் நான் அன்றாடம் கறி காய்ச்சுகிறேன். உப்பு எப்படி விளைகிறது என்று கேட்டால் சின்னப்பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பேன். ஹோலுக்குள்ளே ஒரு உப்பளம் விளைய விட்டது மட்டும் எனக்குத் தெரியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

"நில்லுங்க! கிணத்துத் தண்ணி வேணாம். சுத்திவர வெங்காயத் தோட்டம், போட்ட உரமெல்லாம் அதுக்குள்ளதான். ஊத்தினா பாசி வந்து மூடிப்போடும் எண்டு அவங்க சொல்லுவாங்க. கடல் தண்ணி, பழசக் கொஞ்சம் அள்ளிப்போட்டு மாத்துற நாளைக்கு மட்டும்தான். குறையிறதுக்கு பீப்பாத் தண்ணியத்தான் ஊத்துவாங்க, சுபஹுக்கு முன்னால எழும்பி."

அப்போதுதான் நானா, நீங்கள் போட்ட அந்தச் சத்தம் எனக்கு முழுசாக விளங்கியது. வாயைத் திறக்க வெட்கமாக இருந்தாலும் சொன்னேன்: "மதினி, பீப்பா காலி. நானாட கத்தத்துச் சோத்துக்கு சஹன் தட்டெல்லாம் கழுவினது அந்தத் தண்ணியிலதான்."

மதினி என்னை முறைத்துப் பார்த்தா. பிறகு குடிக்க வாங்கி வைத்திருந்த பில்டர் தண்ணீர்க் கேனைக் காட்டினா. "அதக் கொண்டு வாங்க. ஒரேயடியா ஊத்திப்போடாதீங்க. நோன்பு துறக்கிற மாதிரி, மிடறு மிடறா."

ஒரு கோப்பை தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு கோப்பை ஊற்றுவோம், பொறுப்போம், இன்னொரு கோப்பை. அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படித்தான். "இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க மதினி, ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன். "பாத்துக்கொண்டுதான் இருந்தன். ஒண்டும் தெரியல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு மதினி அழுதா. நல்லாக அழுதா. நீங்கள் போனதற்கு அவ வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

மீன்கள் முதலில் தெளிந்தன. கடல்பூ மெதுவாக, விரல் விரலாக விரிந்தது. மதினி கதிரையை விட்டு எழும்பிக் கண்ணாடி துடைக்கத் தொடங்கினா, தன் கையால் சோறு தின்னத் தொடங்கினா, பிறகு எனக்கு அதிகாரம் பண்ணவும் தொடங்கினா. மழை வந்ததும் முதல் வேலையாகப் பீலியைத் துப்புரவாக்கச் சொன்னா. பீப்பா நிரம்பும் சத்தத்தை ரெண்டு பேரும் கதவோரம் இருந்து கேட்டோம்.

ஆனால் இறாலின் கவலை தீரவில்லை. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், மீசையும் காலுமாக அது மணலில் வெளிறிக் கிடக்கிறது. "இன்னாலில்லாஹி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மதினி கிட்ட வந்து குனிந்து பார்த்துச் சிரித்தா. "மௌத்தாகல்ல. அது கழட்டிப்போட்ட தோல். தண்ணி சரியா இருந்தாத்தான் கழட்டும். அங்க பாருங்க." கல்லுக்குப் பின்னால் புதுச் சிவப்பாக நின்றுகொண்டு எங்களுக்கு மீசையை ஆட்டுகிறது அந்தக் கள்ளன்.

மதினி தன் வெள்ளை முந்தானையைப் பார்த்தா, மணலில் கிடந்ததைப் பார்த்தா. "அது எனக்கு முந்தி இத்தா முடிச்சிட்டுது போல" என்றா. நானா, உங்கள் பெண்சாதி பகிடி விட்டா! நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டார் என்னமோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நேற்று அவவின் இத்தா முடிந்தது. புத்தளத்தில் தன் உம்மா வீட்டுக்கு மதினியைக் கூட்டிப்போக வேன் வந்து நின்றது. மதினியோ இரண்டு கேனை எடுத்து ஒன்றை என் கையில் தந்தா. "தண்ணி மாத்துற நாள். உம்மாட்ட பொறகு போகலாம்" என்றா. வேன்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

நீங்கள் இறங்கும் அதே இடத்தில் மதினி கடலில் இறங்கினா. கேன் நிரம்பிய பிறகும் தண்ணீருக்குள் கையை வைத்தபடி நின்றா.

"அவங்க அள்ளினது இந்த இடத்துலயா?"

"ஓம் மதினி."

"இங்க நிண்டு ஸலாம் சொன்னா அவங்களுக்குக் கேக்குமா புள்ள?"

எனக்கு மார்க்கம் அவ்வளவு தெரியாது நானா. "சொல்லுங்க" என்றேன். சொன்னா. உங்களுக்குக் கேட்டதா?

கேட்டிருந்தால் இதையும் கேளுங்கள். மாற்றுவதற்குக் கடல் தண்ணீர், குறைவதற்கு மழைத்தண்ணீர். என் மூச்சு உள்ளவரை இது மாறாது. உங்கள் பீப்பாவில் இனி யாராவது வாளி வைத்தால், உங்கள் சத்தத்தை நான் போடுவேன், நாலு வீட்டுக்குக் கேட்க.

உங்களோடு வாயாடிய, உங்கள் பீப்பாவுக்கு இப்போது காவல் இருக்கிற,
உங்கட தங்கச்சி ஜெஸீமா