கருகியது மோட்டார் அல்ல

9 ஜூன் 2025, திங்கள்

இரண்டு விநாடி. ட்ரில் சரியாக இரண்டு விநாடி சுற்றுகிறது, பிறகு முனகிக்கொண்டு நின்றுவிடுகிறது. பாட்டரியில் மூன்று பச்சை விளக்கும் எரிகின்றன. கழற்றி மாட்டினேன். மறுபடியும் இரண்டு விநாடி. குளியலறைச் சுவரில் அளந்து நான் வைத்த நான்கு பென்சில் புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன.

ஸ்டீல் கைப்பிடி வந்து மூன்று வாரமாகிறது. தர்மன் பெங்களூரிலிருந்து அனுப்பினான், கூடவே ஒரு கெடுவும். "பாத்ரூம்ல பிடி இல்லாம நீ தனியா இருந்தது போதும்மா. பதினஞ்சாம் தேதி வர்றேன். பிடி இருந்தா பாக்கலாம். இல்லேன்னா பெட்டியைக் கட்டிடு." பெற்ற மகன் எனக்குக் கெடு வைக்கிறான்! எழுபத்து நான்கு வயதில், நானும் அவரும் நின்று கட்டிய வீட்டை விட்டு அவனுடைய பதினோராவது மாடிக்கு நான் போக வேண்டுமாம்.

எலக்ட்ரீஷியன் வீரபாகு மூன்று வாரமாக "நாளைக்குக் கண்டிப்பா வரேம்மா" என்கிறான். அவனுடைய நாளை எந்தக் காலண்டரிலும் இல்லை. அதனால்தான் அவருடைய ட்ரில்லை எடுத்தேன். அவர் இருந்தவரை ஒருநாளும் இது நின்றதில்லை.

10 ஜூன், செவ்வாய்

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ரிப்பேர் கடை பாசில் ஒருமுறை அழுத்தினார், மூக்கருகே கொண்டுபோனார், மேசைமேல் வைத்துவிட்டார். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை.

"மோட்டார் கருகிப் பூடுச்சி ஆயா. வாடை வருது பாரு. இதுக்கு ஸ்பேர் வர்றதில்ல. தூக்கிப் போட்டுட்டு புச்சா ஒண்ணு வாங்கிக்கோ."

"திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்?"

"இருபது வருசமா இதே தொழில்ல இருக்கறேன். இன்னாத்துக்கு உனுக்கு ட்ரில்லு? வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

இல்லை. இருந்தவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதை அந்தக் கடையில் வைத்துச் சொல்ல மனம் வரவில்லை. "நான் உங்களுக்கு ஆயா இல்லை" என்று மட்டும் சொல்லி, ட்ரில்லை எடுத்துக்கொண்டு வந்தேன். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். அங்கே திறந்து பார்க்காமல் யாராவது ஒரு பழுதைத் தீர்மானித்திருந்தால் அன்றே மெமோ கொடுத்திருப்பேன்.

 

11 ஜூன், புதன்

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். மார்ச்சில் குளியலறையில் விழுந்தேன். போனில் கேட்ட தர்மனிடம் "பக்கெட் விழுந்தது" என்று சொன்னேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கிவிட்டவள் அடுத்த வீட்டுச் சம்பூர்ணம். யாரிடமும் சொல்லாதே என்றேன். தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு அன்று மாலையே அவனுக்குப் போன் செய்திருக்கிறாள்! பெட்டி, பதினோராவது மாடி, கெடு — எல்லாம் அந்த ஒரு போனில் வந்தவை. அன்றிலிருந்து அவளிடம் "உம்", "இல்லை" தவிர எதுவும் பேசுவதில்லை.

12 ஜூன், வியாழன்

காலையில் ட்ரில்லை மறுபடி அழுத்தி, இந்த முறை நானே மோந்து பார்த்தேன். கருகல் வாடைதான். ஆனால் ஒயர் கருகினால் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியாதா? இது முடி பொசுங்கும் வாடை. பட்டு நெய்கிற இந்த ஊரில் பிறந்தவளுக்கு இதையும் ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? முந்தானையில் ஓர் இழையை உருவி, கொளுத்தி, மோந்து பார்த்து, அசல்தான் என்று தலையசைக்கிற ஊர் இது.

ட்ரில்லுக்குள் பட்டு எப்படி வந்தது?

பிட்டைக் கவ்வும் தலையை முழுவதும் திறந்தால் தொண்டைக்குள் ஒரு திருகாணி. சுற்றினேன், சுற்றினேன், இன்னும் இறுகியது. அரை மணி நேரம் வீண். பிறகுதான் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கண்ணில் பட்டது: இது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டவனை என் எதிரில் நிறுத்த வேண்டும். சுத்தியலில் துணி சுற்றி இரண்டு தட்டு தட்டினேன். தலை கழன்று வந்தது.

அதன் பின்னால், தண்டைச் சுற்றி, அரக்கு நிறப் பட்டு. இறுகி, கறுத்து, பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. அதுதான் சுற்றவிடாமல் பிடித்திருக்கிறது. பிளேடால் அறுத்து, இடுக்கியால் இழை இழையாக எடுத்தேன். இரண்டு மணி நேரம். முதுகு போய்விட்டது. தலையை மாட்டி அழுத்தினேன். நிற்கவேயில்லை!

கருகியது மோட்டார் அல்ல, பாசில் அவர்களே.

பிப்ரவரியில் திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும் என்று இதைக் கேட்டு வாங்கிப் போனது யார்? அடுத்த வீட்டுக்காரிதான். வேறு யார்!

13 ஜூன், வெள்ளி

அந்தக் கட்டியை ஒரு தட்டில் வைத்து எடுத்துப் போனேன். சம்பூர்ணம் நூல் சுற்றும் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வாக்கா. உக்காரு."

"உட்கார வரவில்லை. இது என்ன?"

பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ. அந்த அரக்குப் பொடவ."

"கம்பி மாட்ட என்றுதானே கேட்டாய்?"

"கம்பியும் மாட்டினேங்க்கா. நடுவுல ராட்டினத்து மோட்டரு பூடுச்சி. கல்யாணப் பொடவ தறியில நின்னுக்கினு இருக்குது. நான் குச்சியில இழையச் சுத்தித் தார் குடுத்தாத்தான தறியில நாடா குறுக்க ஓடும்? குச்சிய உன் ட்ரில்லுல சொருவி ஒரு அமுக்கு அமுக்கினேன் பாரு, சும்மா பறக்குது!"

"என்னைக் கேட்டாயா?"

"கேட்டா நீ உடுவியா?"

விட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம். வாய்க்குள் வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "தர்மனிடம் ஏன் சொன்னாய்? சொல்லாதே என்று உன்னிடம் நான் கெஞ்சவில்லையா?"

ராட்டினத்தை நிறுத்தினாள். "ஈரத் தரையில கெடந்தக்கா. கண்ணு மேல சொருவிக்கினு இருந்துது. அன்னிக்கி நான் வூட்ல இருந்தேன். இல்லாங்காட்டி? திட்றதுன்னா திட்டு. இன்னொரு தபா உழுந்தாலும் சொல்லுவேன்."

எனக்குத் தமிழே வரவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் எங்களைத் திட்டிய ஆங்கிலம் மொத்தமும் வந்தது. அவள் கேட்டு முடித்துவிட்டு, "இங்கிலீஷ்ல திட்டினா எனுக்கு வலிக்காதுக்கா" என்றாள். சிரிக்கிறாள்! திமிர்.

கண் மேலே செருகியிருந்தது என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

14 ஜூன், சனி

கூப்பிடாமலே வந்து நின்றாள். போ என்றேன். "நீ ஓட்டையப் போடு, நான் தூளப் புடிச்சிக்கறேன்" என்று முறத்தைச் சுவரோடு அணைத்துப் பிடித்தாள்.

டைல்ஸில் பிட் வழுக்காமலிருக்கப் புள்ளிகளின் மேல் டேப் ஒட்டினேன். முதல் ஓட்டை நேராக வந்தது. மூன்றாவதில் மணிக்கட்டு தளர்ந்து ஒரு டைல்ஸின் ஓரம் பெயர்ந்தது. என் பிழை, ட்ரில்லின் பிழை இல்லை. "நான் போடட்டாக்கா?" என்றாள். தரவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கடைசித் திருகாணியை முடுக்கும்போது மணி ஒன்று.

காப்பி கொடுத்தேன். கோபம் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

15 ஜூன், ஞாயிறு

தர்மன் செருப்பைக் கழற்றியதும் நேரே குளியலறைக்குப் போனான். ஒரு கையால் இழுத்தான். இரண்டு கையாலும் தொங்கினான். எண்பது கிலோ. அசையவில்லை.

"யார் மாட்டினது?"

"நான்."

"வீரபாகுவா?"

"நான் என்று சொன்னேன்."

பெயர்ந்த டைல்ஸை விரலால் தடவிப் பார்த்தான்.  சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பினான். பெட்டிப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. என் வீட்டில் நான் இருப்பதற்கு யாருக்கு நன்றி சொல்வது?

2 ஜூலை, புதன்

காலையில் குளிக்கும்போது சோப்பு நுரையில் கால் போய்விட்டது. முழு உடம்பும் ஒரு கையில் தொங்கியது. கைப்பிடி தாங்கியது.

துடைத்துக்கொண்டு, புடவை கட்டிக்கொண்டு, சம்பூர்ணத்துக்குத் தெரிவதற்கு முன் நானே தர்மனுக்குப் போன் செய்து சொன்னேன். பக்கெட் என்று சொல்லவில்லை. நான் என்றேன்.  பெட்டி என்ற சொல் வரும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஸ்க்ரூ எதுவும் ஆடலையேம்மா?" என்றான்.

"ஆடினால் இறுக்கிக்கொள்வேன்" என்றேன்.