கலாவதி தொடாத தயிர்

1998 மார்ச் 9, பிளானோ, டெக்சாஸ்

என் இரத்தத்தில் இருக்கக் கூடாத புரதம் ஒன்று இருக்கிறதாம். இப்போது நோயில்லை. என்றாவது இரத்தப் புற்றுநோயாக மாறலாம், மாறாமலும் போகலாம். மருந்து கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை, அவ்வளவுதான். சாப்பாட்டால் தடுக்க முடியுமா என்று கேட்டேன். சான்று இல்லை, ஆனாலும் எடையைக் குறைத்து, காய், பருப்பு, நார்ச்சத்து சாப்பிட்டால் குடலுக்கு நல்லது என்றார் டாக்டர். ஆபீசில் சொல்லவில்லை. என்னிடம் வேலை கற்று எனக்கே மேலதிகாரியானவன் எதற்கு அனுதாபப்பட வேண்டும்?

மார்ச் 15

நூலகத்தில் படித்தேன். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பு உண்டாம். எவ்வளவு என்று எவரும் சொல்லவில்லை. இருக்கட்டும். சும்மா காத்திருக்க என்னால் முடியாது. இனி வீட்டில் கொள்ளு, கம்பு, கீரை, தினமும் வீட்டுத் தயிர். ஐஸ்கிரீமைக் குப்பையில் போட்டேன். மகள் வெண்பா "திஸ் இஸ் சோ அன்ஃபேர்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 2

கம்பங்கூழ். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 19

மனைவி கலாவதி எனக்குத் தயிர் தோய்க்கிறாள், தான் தொடுவதில்லை. பொள்ளாச்சிக்காரி, தயிரில்லாமல் சோறு இறங்காது அவளுக்கு. "நீயும் சாப்பிடு, குடலுக்கு நல்லது" என்றேன். "எனக்கு வேண்டாங்க." ரசத்தோடு எழுந்துவிட்டாள். நான் ஒன்று சொன்னால் மாற்றிச் செய்வது அந்தக் குடும்பத்து வழக்கம். அவள் அண்ணன் மாரிசாமி இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து கை நனைக்காமல் போனவன்தானே. மறக்கவில்லை.

ஜூன் 7

பக்கத்து ஊர் ஷ்யாமளா வீட்டில் விருந்து.

"என்ன கலா, தயிர்சாதத்தத் தாண்டிப் போற? உனக்குன்னுதான் செஞ்சேன்!"

"வயிறு சரியில்லக்கா."

பச்சைப் பொய். காரில் கேட்டேன்: "எங்கிட்ட எதுக்கு இந்த வீம்பு?" ரேடியோவைப் போட்டாள்.

செப்டம்பர் 14

சோதனை. புரத அளவு மார்ச்சில் இருந்த அதே எண். இது பொதுவாகக் குறையாது, கூடாமல் இருப்பதே நல்ல செய்தி என்றார் டாக்டர். வீட்டில் "கூடல" என்று மட்டும் சொன்னேன்.

"குறையலீங்களா?" என்றாள் கலாவதி.

இவ்வளவு இளைத்திருக்கிறேன், அதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

1999 ஜனவரி 17

சாப்பிடும்போது மறுபடி தயிர்ச் சண்டை. கத்தினேன். வெண்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஸ்டாப் இட், அப்பா! ஷி மேட் எ ப்ராமிஸ் டு முருகன். நோ யோகர்ட் டில் யுவர் நம்பர் கோஸ் டவுன்!"

"வாய மூடு கண்ணு" என்றாள் கலாவதி. என் பக்கம் திரும்பவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விடச் சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன்தான். மூடத்தனம். சரி, குறையவே குறையாத எண்ணுக்கு எத்தனை வருஷம் இப்படி? அதை இப்போது அவளிடம் எப்படிச் சொல்வது? வேண்டிக்கிட்டவளுக்குப் பாகற்காய விடத் தோணலையா...

ஜனவரி 18

சொல்லவில்லை.

மார்ச் 15

சோதனை. அதே எண். டாக்டர் கை குலுக்கினார்.

கலாவதி கராஜ் கதவிலேயே நின்றிருந்தாள். "குறைஞ்சிருக்கு" என்றேன். காகிதத்தைக் கேட்கவில்லை. சாமி படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சோறு போட்டு, எனக்கு வைத்திருந்த தயிரை ஊற்றிப் பிசைந்து, அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டாள்.

"இவ்ளோ புளிப்பாவா இத்தன நாளும் சாப்பிட்டீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"