கூட்டத்தைப் பார்த்துப் பாடு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இருமல்தான் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது, நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம். போன வாரம் பேசும்போது, "கிட்டாரை வித்துடப் போறேம்மா, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சிக்குப் பாட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி பேண்டுல சொல்லிட்டேன்" என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு தடவை வாருங்கள் என்று அரங்கத்துக்காரரே கூப்பிட்டிருக்கிறார், உனக்கு என்ன வந்தது?

உங்கள் பேண்டின் முதல் நிகழ்ச்சி வீடியோவை உன் பெரியப்பா நம் குடும்பம் முழுக்கப் போட்டுக் காட்டிவிட்டார், நானும் பார்த்தேன். டிரம்ஸ்காரன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வட்டமாக நின்று ஒத்திகை பார்ப்பீர்கள், மேடையிலும் அப்படியே வட்டம் கட்டிவிட்டீர்கள். பாடுகிற நீ பின்சுவரைப் பார்த்துப் பாடுகிறாய், ஜனங்களுக்குத் தெரிந்தது உன் பின்னல்தான். சிரிக்காமல் என்ன செய்வார்கள், நானே சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பயந்து பாதிப் பாட்டில் நிறுத்தி, மைக்கில் "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யார் குடியைக் கெடுத்தாய் மன்னிப்புக் கேட்க? நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நடுரோட்டில் வண்டி நின்றால் பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும், வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். இறங்கிப் போய் ஒவ்வொருவரையும் கும்பிட்டுக்கொண்டா இருக்கிறேன்? மறுபடி சாவியைத் திருப்புகிறேன், வண்டி கிளம்புகிறது. பெரியப்பா, "அப்பவே சொன்னேன், இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று ஆரம்பித்தார். "நமக்குன்னு சேத்துக்காதீங்க, நீங்க குளிக்கும்போதுகூடப் பாடினதில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது, போகட்டும். அப்பா இருமுகிற சாக்கில் சிரித்தார்.

இனி ஷெட்டில் வரிசையாக நில்லுங்கள், எதிரே நாலு காலி நாற்காலியைப் போட்டு அவற்றைப் பார்த்துப் பாடு. தூக்கத்தில் எழுப்பினாலும் பாடக்கூடிய பாட்டை முதலில் வை. தப்பு வந்தால் முகத்தில் காட்டாதே, டிரம்ஸ்காரனைத் தாளத்தை விடாமல் அடிக்கச் சொல், அடுத்த வரியில் நீ ஏறிக்கொள். பத்துப் பேர்தான் வந்தாலும் அந்தப் பத்துப் பேருக்குப் பாடு, வராதவர்களை நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. முடிந்ததும் நன்றி சொல்லு போதும்.

நானே பாடுகிறேன், வேறு ஆள் வேண்டாம் என்று இன்றைக்கே உன் பேண்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவிடு. நான் லீவு போட்டாகிவிட்டது, முன்வரிசையில் உட்காரப் போகிறேன். மறுபடி சுவரைப் பார்த்து நின்றாயோ, அத்தனை பேர் முன்னாலும் உன் வீட்டுப் பேரைச் சொல்லி, "அடியே பூசணி, இந்தப் பக்கம் திரும்புடி" என்று கத்துவேன். எனக்கு மைக் தேவையில்லை, உனக்கே தெரியும்.

உன் உடம்பும் குரலும் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும், எடுத்த காரியம் நடக்கட்டும். தொண்டைக்கு வெந்நீர் குடி. உபரிக் கிட்டார் கம்பி வாங்கி வை.

இப்படிக்கு,
டிக்கெட் எடுத்துவிட்ட உன் அம்மா