எண் மாற்றும் வேலை

அன்புள்ள அக்கா,

மூன்று மாதமாக நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதி உங்கள் லாக்கரில் வைக்கிறேன்.

நேற்றுக் கூட்டத்தில் மேனேஜர் நம் தொழிற்சாலை விபத்துகளின் வரைபடத்தைக் காட்டினார். ஐந்து வருடமாகக் கோடு இறங்கிக்கொண்டே வருகிறது. எல்லோரும் கை தட்டினார்கள். வரைந்தவள் என்பதால் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

உங்கள் வலது கை விரல்கள் இரண்டு மிஷினில் போன அன்று, விபத்துப் பதிவேடு எழுதும் என்னிடம், "வீட்டு கேட்ல நசுங்கிருச்சுன்னு எழுது லா. அக்காவுக்கு வேல போகாம நான் பாத்துக்கிறேன்" என்றார் சூப்பர்வைசர். உங்கள் வேலை போய்விடுமே என்றுதான் எழுதினேன். என் வேலையையும் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் சொன்னபடியே செய்தார். இன்று உங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விபத்தில்லாத நாட்களைக் காட்டும் வாசல் பலகையில் தினமும் எண்ணை மாற்றுவதுதான் இனி உங்கள் வேலையாம்.

காலையில் ஸ்டூலில் ஏறினீர்கள். வலது கையை மார்போடு வைத்துக்கொண்டு, இடது கையால் கடைசி எண்ணான ஒன்றைக் கழற்றி இரண்டை மாட்டினீர்கள். நானூற்றுப் பன்னிரண்டு நாள். ஸ்டூல் ஆடியது. ஓடி வந்து பிடித்துக்கொண்டேன். நீங்கள் குனிந்து பார்க்கவில்லை.

நாளைக்கும் வந்து பிடித்துக்கொள்கிறேன் அக்கா. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பாக்கார் ஆராங் போகும் பஸ்ஸில் உங்களுக்கு இன்னும் இடம் பிடித்து வைக்கிறவள்