உங்கள் கையில் ஓடிய இரைச்சல்

அக்கா,

ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறையில் அலமாரிச் சாவியைத் தேடியபோது உங்கள் ரப்பர் பந்து கைக்கு வந்தது. மஞ்சள் நிறம் போய், ரப்பர் இறுகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன். எத்தனை முறை சோப்புப் போட்டும் போகாத மீன் வாசனை இன்னும் லேசாக இருக்கிறது.

திருவொற்றியூரில் நம் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதான். விடியும்முன் நீங்கள் காசிமேட்டுக்கு மீன் வெட்டப் போவீர்கள். நான் எட்டு மணி ரயிலைப் பிடித்து ஆய்வகத்துக்குப் போவேன். உங்களுக்குச் சிறுநீரகம் பழுதானதும், டயாலிசிஸுக்காக இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தார்கள். அந்த நாளம் பருத்து ஊசியைத் தாங்கும்வரை பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். சந்தையில் நடந்த கேலியை நீங்களே நடித்துக் காட்டுவீர்கள். "இன்னாடி, பேரன் எடுக்கற வயசுல பந்து வெளாட்ற?" "ஆமாடி, நாளிக்கி மேட்சு கீது. நீ வந்து கோல்ல நில்லு."

ஒருநாள் என் இரண்டு விரலைப் பிடித்து அந்தத் தையல்மேல் வைத்தீர்கள். தோலுக்கு அடியில் ரத்தம் இரைந்து ஓடியது. "கடலுக்குப் போற போட்டு இஞ்சின் மாறி கீது பாரு. காத்தால எய்ந்தா மொதல்ல இத்தத்தான் தொட்டுப் பாப்பேன். சத்தம் இருந்தா அன்னிக்கு நான் கீறேன்."

நான் செய்துகொண்டிருந்ததும் அப்படி ஒரு குழாய்தான். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை, நாளடைவில் தானே கரைந்துபோகும் ஒரு மெல்லிய இழைக்குழாயில் வளர்த்து, பழுதான ரத்தக் குழாய்க்கு மாற்றாக ஆக்கப் பார்த்தோம். மூன்று வாரம் வளர்த்த குழாயில், உடம்பில் ரத்தம் ஓடும் வேகத்திலேயே திரவத்தை ஓடவிட்டேன். செல்கள் சுவரிலிருந்து உரிந்து அடித்துச் செல்லப்பட்டன. ஐந்தாவது முறையும் அப்படியே. அன்று மாலை உங்கள் வாசலில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். நீங்கள் பந்தை அமுக்குவதை நிறுத்தவில்லை.

"தச்ச அன்னிக்கே என் கைல ஊசி குத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்? எத்தினி வாரம் அமுக்க வெச்சாங்க. உன் கொயா மட்டும் மொத நாளே ஓடணுமா? தூங்கறவன எய்ப்பி ஓடச் சொன்னா கீயதான் வுயுவான்."

நான் படிக்காத விஷயம் இல்லை அது. அவசரத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன்; நீங்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது. மறுநாள் புதுக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, வாரக்கணக்கில் வேகத்தைக் கூட்டினேன். செல்கள் ஒட்டிக்கொண்டன. நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டியபோது நெடுநேரம் பார்த்தீர்கள். "எல்லாம் ஒரே பக்கமா மொகத்த வெச்சிக்கினு, மத்தி மீன் கூட்டம் மாறி போவுதுங்களே." அதைவிடச் சரியாக எங்கள் அறிக்கை எதிலும் எழுதியதில்லை.

அடுத்த ஆண்டு உங்கள் இடக்கை நாளம் அடைத்துக்கொண்டது. காலையில் தொட்டுப் பார்த்தீர்கள், சத்தம் இல்லை. மிச்சம் இருந்தது வலக்கை, மீன் வெட்டுகிற கை. அதில் தைத்துவிட்டால் கத்தியை அழுத்தக் கூடாது, கூடை தூக்கக் கூடாது. நேராக என்னிடம் வந்தீர்கள்.

"உன் கொயா எனக்கு ஆவுமா?"

ஆகும் என்று சொல்ல எவ்வளவோ ஆசையாக இருந்தது. "ஆகாதுக்கா. இன்னும் ஆட்டுக்கே வெச்சுப் பாக்கல."

கொஞ்ச நேரம் உங்கள் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சரி. அப்ப வெட்டற கையத்தான் குடுக்கணும்."

கொடுத்தீர்கள். இடக்கையில் கத்தி பிடித்துப் பழகினீர்கள். முதல் வாரம், மீனைப் பிடித்த வலக்கை விரலெல்லாம் துணிக்கட்டு. வஞ்சிரத் துண்டுகள் கோணல்மாணல். இரண்டு மாதத்தில், உங்கள் துண்டுதான் வேண்டும் என்று காத்து நின்றவர்களை நானே பார்த்தேன். வலக்கை நாளம் தேறியதும் பந்தை என்னிடம் நீட்டினீர்கள். "எனக்கு எதுக்கு இனிமே? உன் கொயாகிட்ட குடு, அது அமுக்கட்டும்."

அந்தக் கையோடு நான்கு ஆண்டு இருந்தீர்கள். கடைசியில் நின்றது இதயம்தான். அன்று காலைகூட அம்மா கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார் என்று உங்கள் மகள் சொன்னாள்.

போன வாரம் எங்கள் குழாயை ஓர் ஆட்டின் கழுத்தில், தமனிக்கும் சிரைக்கும் நடுவே தைத்தார்கள். அது முதல் தினமும் காலையில், கருவி காட்டும் எண்ணைப் பார்க்கும்முன், ரோமம் மழித்த அந்த இடத்தில் இரண்டு விரலை வைக்கிறேன். கூட வேலை செய்யும் பெண்கள் சிரிக்கிறார்கள். இன்னொருத்தி வந்து எனக்கு ஆகுமா என்று கேட்டால், இன்னும் ஆகாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டுக்கு வைத்தாயிற்று அக்கா. இன்று ஏழாம் நாள். சத்தம் இருக்கிறது.